அந்தச் சூட்கேஸை எரிக்க வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பால்புதுமையினரின் (தன்பாலை விரும்புவோர், திருநர் போன்றோரின்) வரலாற்றைச் சேர்த்து வைக்கும் சமூக ஆவணக் காப்பகங்கள் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அரசாங்கமோ பெரிய நிறுவனமோ பார்த்துச் செய்யட்டும் என்று காத்திராமல், அந்தச் சமூகத்து ஆட்களே கடிதம், போட்டோ, நோட்டீஸ், ஒலிப்பதிவு என்று சேர்த்துத் தாங்களே பராமரிக்கிற இடங்கள் அவை. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திட்டி எழுதியவர்களும் உண்டு, அதில் ஒன்றுக்குப் பதில் கீழே இருக்கிறது. இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே போய்விட்டது, வேறு கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுங்கள்.

எனக்கு 19 வயது. எனக்குப் பெடியன்களைத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. எங்களைப் போன்ற ஆட்கள் கொழும்பில் முந்தியும் இருந்தார்களா? பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

இருந்தார்கள் தம்பி. கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்குக்குப் பள்ளிக்கூட நாடகமோ வேறு ஏதோ பார்க்க எப்போதாவது போயிருப்பீர்கள். அந்தப் பெயர் யாருடையது என்று யாராவது சொல்லித் தந்தார்களா? 1900இல் பிறந்தவர், பியானோ வாசிப்பார், போட்டோ எடுப்பார், 1943இல் ஓவியர்கள் சேர்ந்து '43 குழு'வைத் தொடங்கியபோது அதன் நடுவில் நின்றவர். 1944இல் இறந்துவிட்டார். மீனவர்கள், தோட்டத்து வேலையாட்கள் என்று அவர் எடுத்த ஆண்களின் படங்களைப் பார்த்தால், அவ்வளவு ஆசையோடும் மரியாதையோடும் ஆண் உடலைப் பார்த்த ஒரு கண் அந்தக் காலக் கொழும்பில் இருந்திருக்கிறது என்பது விளங்கும். அவர் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன, இன்று நாங்கள் பார்ப்பது மிஞ்சிய பிரதிகளைத்தான். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆனால் போனவருக்கு இன்றைய பெயர்ச்சீட்டு ஒன்றை ஒட்டிவிட அவசரப்பட வேண்டாம். ஒரு கலைஞரின் நெகட்டிவ்களை அவருடைய காலம் ஏன் வைத்திருக்கவில்லை என்ற கேள்வியிலேயே நிறைய வரலாறு இருக்கிறது.

அப்புறம் பெவிஸ் பாவா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அண்ணன், 1992இல் இறந்தார். பேருவளைப் பக்கம் 'பிரீஃப்' என்று அவர் உண்டாக்கிய தோட்டத்தை இன்றும் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கலாம். ஆண்களை விரும்பியவர் என்பதை அவர் தன் வட்டத்துக்குள் பெரிதாக ஒளிக்கவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். இவர்கள் இருவரும் வசதியுள்ள, ஆங்கிலம் பேசிய, காணி பூமி வைத்திருந்த வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டமும் அரங்கும் இடிக்கும்வரை நிற்கும், பெயரும் கூடவே நிற்கும். கொட்டாஞ்சேனையில் கடைச் சிப்பந்தியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத் திடலில் ஒருவரைச் சந்தித்த தமிழ்ப் பெடியன் எதை விட்டுப் போயிருப்பான்? பம்பலப்பிட்டி அனெக்ஸ் ஒன்றில் 'சிநேகிதிகள்' என்று சொல்லிக்கொண்டு காலம் முழுவதும் ஒன்றாக இருந்த இரண்டு டீச்சர்மார்? அவர்களைத் தேட வேண்டியிருப்பதால்தான் இந்தக் காப்பகங்கள் தேவைப்படுகின்றன.

அமைப்பாக இயங்கிய வரலாறும் நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. 1995இல் ஷெர்மன் டி ரோஸ் 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி'யைத் தொடங்கினார். பெண்களுக்கான 'விமன்ஸ் சப்போர்ட் குரூப்' 1999இல் வந்தது, 'ஈக்குவல் கிரவுண்ட்' 2004இல், பால்புதுமையினரின் பெருமித விழாவான கொழும்பு பிரைட் நிகழ்ச்சிகள் 2005இலிருந்து நடக்கின்றன. உங்கள் வயதைவிட அவற்றின் வயது கூட.

நான் வரலாற்று ஆசிரியை. பாடசாலைக்கு வெளியே இளைஞர் வட்டம் ஒன்றும் நடத்துகிறேன். சட்டப்படி குற்றமாக இருக்கிற ஒரு விஷயத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? கொடுத்தால் எதை வைத்துக் கொடுப்பது?
— ஆசிரியை, கொட்டாஞ்சேனை

ஒருபாலுறவைக் குற்றமாக்குகிற தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் செயலைப் பற்றியவை டீச்சர், வரலாறு படிப்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாடசாலை அதிபர் என்பவர் தனியொரு சட்டக்கோவை, அதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆகவே இளைஞர் வட்டத்திலேயே, 18 வயது தாண்டியவர்களோடு தொடங்குங்கள்.

எதை வைத்து என்றால், தாள்களை வைத்து. பிரசங்கம் வேண்டாம். ஐந்தாறு தாளை மேசையில் பரப்பிவிட்டு அவர்களையே வாசிக்க விடுங்கள்.

முதல் தாள் 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவை. இரண்டாவது 1995இல் செய்த திருத்தம். அதுவரை 365அ ஆண்களை மட்டுமே குறித்தது. அந்தத் திருத்தம் 'ஆண்' என்பதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாக்கியது, அதாவது சீர்திருத்தம் என்ற பெயரில் பெண்களையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். மூன்றாவது தாளைக் கொடுக்கும்போது கவனமாக இருங்கள், கொடூரமானது. 1999இல் கொழும்பில் லெஸ்பியன் பெண்களின் மாநாடு ஒன்று நடக்கப்போகிறது என்றபோது ஆங்கில நாளிதழ் ஒன்று வாசகர் கடிதம் ஒன்றைப் பிரசுரித்தது: பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளை அந்தப் பெண்கள் மத்தியில் அவிழ்த்துவிட வேண்டும் என்று. ஷெர்மன் டி ரோஸ் பத்திரிகைப் பேரவையிடம் முறைப்பாடு செய்தார். 2000இல் பேரவை அதைத் தள்ளுபடி செய்ததோடு நிற்காமல், முறைப்பாடு செய்தவரே 2,100 ரூபா செலவுத்தொகை கட்ட வேண்டும் என்றது! லெஸ்பியன் உறவு சட்டப்படி குற்றம் என்பது பேரவை சொன்ன காரணங்களில் ஒன்று. 1995இன் திருத்தம் ஐந்தே வருஷத்தில் எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது உயர் நீதிமன்றத்தின் 2016 நவம்பர் தீர்ப்பு. 2003இல் மருதானைப் பொலிஸ் பிடித்த இருவரின் வழக்கு அது. வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவில் அரசு புகக்கூடாது என்பதே இன்றைய சிந்தனை என்று நீதிமன்றம் எழுதியது, எழுதிவிட்டு, சட்டம் இன்னும் இருக்கிறது என்று குற்றத் தீர்ப்பை உறுதியும் செய்தது. சிறைத் தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. இரண்டையும் ஒரே தாளில் வாசிக்கிற பிள்ளைக்குச் சட்டம் எப்படி நகர்கிறது, எப்படி நகராமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 2023இல் ஒருபாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கத் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்ததும், அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் காலாவதியானதும் கடைசித் தாள்.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்தத் தாள்களில் யார் பேசுகிறார்கள்? பொலிஸ், நீதவான், பேரவை, கோபக்கார வாசகர். அந்த மாநாட்டுக்கு வந்த பெண் எங்கே? கடிதத்தைக் காலையில் தேநீரோடு பேப்பரில் வாசித்தவள் அன்று என்ன செய்தாள், வேலைக்குப் போனாளா, யாருக்கு போன் பண்ணினாள்? அது எந்த அரசாங்கத் தாளிலும் இல்லை. இந்தச் சமூகத்தைப் பற்றி நாட்டில் மிஞ்சியிருக்கிற தாள்களில் பெரும்பாலானவை அதற்கு எதிராக எழுதப்பட்டவை, அதனால்தான் அவை பத்திரமாகவும் இருக்கின்றன. சமூகக் காப்பகத்தின் வேலை அவற்றுக்குப் பக்கத்தில் மற்றப் பாதியைக் கொண்டுவந்து வைப்பது. இந்த ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும், அதன்பிறகு அவர்கள் எந்த வரலாற்றுப் புத்தகத்தையும் அப்படியே நம்பப் போவதில்லை (அதிபருக்குத்தான் கஷ்டம்).

பழைய பத்திரிகைகளை ரீட் அவெனியூவில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மைக்கறை படிந்த பேப்பரைக் கையால் புரட்டுவதற்கும் போனில் படம் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சித்தப்பா போன வருஷம் தவறிவிட்டார். கலியாணம் கட்டவில்லை. அவருடைய கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ், உள்ளே ஒரே ஆளிடமிருந்து வந்த கடிதங்கள், போட்டோக்கள். அந்த அங்கிளை எனக்குத் தெரியும், சின்ன வயதில் எனக்குச் சொக்லேட் கொண்டுவருவார். வாசித்தால் எல்லாம் விளங்குகிறது. அம்மா எரித்துவிடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

எரிக்க வேண்டாம். அதேநேரம் நாளைக்கே எந்தக் காப்பகத்திடமும் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

முதலில் அந்த அங்கிள் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். தாள் உங்கள் குடும்பத்துக்கு வந்த சொத்து, ஆனால் அதில் எழுதியிருக்கிற வரிகள் அவருடையவை. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் உரிமை அவர் வாழும் காலமும் இறந்து 70 வருஷமும் நிற்கும். சட்டத்தை விடுங்கள், மரியாதை என்று ஒன்று இருக்கிறது. உயிரோடு இருந்தால் நேரில் போய், சூட்கேஸ் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். சித்தப்பாவின் செத்த வீட்டில் அவர் எந்த வரிசையில் இருந்தார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் கடைசிக் கதிரை. கடிதங்களைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்களிடமே இருக்கட்டும் என்றால், யார் வாசிக்கலாம், எப்போது வாசிக்கலாம் என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அவருடைய பயம் சித்தப்பாவைப் பற்றியது அல்ல, ஒழுங்கையில் என்ன கதைப்பார்கள் என்பதைப் பற்றியது, அந்தப் பயம் நியாயமானதும்கூட. நல்ல காப்பகங்களில் இதற்கு வழி உண்டு: இன்ன வருஷம் வரை யாரும் திறக்கக்கூடாது என்று எழுதி மூடி வைக்கலாம், பெயர்களை மறைத்த பிரதியை மட்டும் வாசிக்கக் கொடுக்கலாம், குடும்பப் பெயரே இல்லாமல் 'கொழும்பு, இன்ன காலம்' என்று மட்டும் பதியலாம். மூடி வைத்தாலும் இருக்கிறது அல்லவா. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் எரிந்ததை நாங்கள் இன்றும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். குசினிக்குப் பின்னால் குடும்பமே சேர்ந்து எரித்த கடிதக்கட்டுகள் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆனால் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியவை. கொழும்பில் கடல் காற்றும் ஈரமும் தாளுக்கு எமன், போதாக்குறைக்கு இராமபாணப் பூச்சி. சூட்கேஸை நிலத்தில் வைக்காதீர்கள், வெளிச் சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். ரப்பர் பாண்ட், கிளிப், ஊசி எல்லாவற்றையும் கழற்றுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். லாமினேட் பண்ண வேண்டாம், செலோடேப் கிட்டேயும் வர வேண்டாம். நான் கண்ட பழைய ஆவணங்களில் பாதி, பாசத்தால் லாமினேட் பண்ணிச் செத்தவை. கடிதங்கள் இருந்த வரிசையைக் குலைக்காதீர்கள், அந்த வரிசையும் சித்தப்பா எழுதிய ஒரு விஷயம்தான். உறையை எறிய வேண்டாம், முத்திரையில் குத்திய திகதியும் ஊரும் சில நேரம் கடிதத்தில் இல்லாததைச் சொல்லும். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். போட்டோவில் இருப்பவர் யார் என்று தெரிந்தால் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள், பேனா வேண்டாம்.

இப்படிப்பட்ட கடிதங்களால் பிள்ளைகள் என்ன படிப்பார்கள் என்று அம்மா கேட்டால் ஓர் உதாரணம் சொல்கிறேன். தென்னாபிரிக்காவில் சைமன் என்கோலி என்று ஒருவர். நிறவெறிக்கு எதிராகப் போராடியதற்காக 1984இல் பிடித்து உள்ளே போட்டார்கள், தேசத்துரோக வழக்கு, 1988இல் விடுதலை. சிறைக்குள்ளிருந்து அவர் தன் காதலனுக்கு எழுதிய கடிதங்கள் ஜொகனஸ்பேர்க்கில் 'காலா' என்ற காப்பகத்தில் இருக்கின்றன. கறுப்பினத்தவர் விடுதலைக்காகச் சிறை போனவரும் காதலனுக்குக் கடிதம் எழுதியவரும் ஒரே ஆள் என்பதை ஒரு பாடப்புத்தகம் ஒரு பந்தியில் சொல்லும், அந்தக் கையெழுத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தப் பந்தியே வேண்டாம். சித்தப்பாவின் கடிதங்களில் இருக்கிற பஸ் டிக்கெட் விலையும், 83க்குப் பிறகு யார் எந்த வீட்டுக்கு மாறினார்கள் என்ற செய்தியும் கொழும்புத் தமிழரின் வரலாறுதான், பால்புதுமையினரின் வரலாறு மட்டும் அல்ல.

மேலைநாட்டுக் குப்பையை வரலாறு என்று சொல்லித் தமிழ்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள். இதை நிறுத்தாவிட்டால் பத்திரிகையை நிறுத்துவோம்.
— பல பெற்றோர் சார்பில், தெமட்டகொடை

கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையும் திருநங்கைகள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், அது எந்த மேலைநாட்டில் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். உங்கள் கடிதத்தை நான் எறியவில்லை. திகதி போட்டு, உறையோடு ஃபைலில் வைத்திருக்கிறேன். காப்பகத்துக்கு அதுவும் தேவை.

பல்கலைக்கழக மாணவி நான். வயதான தமிழ்த் திருநங்கைகளிடமும் மற்றவர்களிடமும் அவர்கள் வாழ்க்கையைப் பதிவு செய்ய ஆசை. எப்படிக் கேட்பது? போனில் பதிந்தால் போதுமா?
— மாணவி, தெஹிவளை

போன் போதும் தங்கச்சி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலி வீதிப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் பதியுங்கள். ஒலி நன்றாக வந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

கேட்பதுதான் கஷ்டம். இந்த மூத்தவர்களில் பலரிடம் ஏற்கெனவே ஆய்வாளர்களும் அமைப்புகளும் வந்து, எப்போது உணர்ந்தீர்கள், யார் அடித்தார்கள், எவ்வளவு அழுதீர்கள் என்று ஒரே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களும் பாடமாக்கி வைத்திருக்கிற பதிலைச் சொல்வார்கள். நீங்கள் வேறு இடத்தில் தொடங்குங்கள். முதல் சேலையை எந்தக் கடையில் வாங்கினீர்கள், கடைக்காரனிடம் யாருக்கு என்று சொன்னீர்கள்? வாடகை அறைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? ஊரடங்கு நேரத்தில் எப்படி வீடு போனீர்கள்? தமிழ் அடையாள அட்டையோடு சோதனைச் சாவடியில் நின்றபோது அவன் முதலில் எதைக் கேட்டான், நீங்கள் தமிழா என்றா, ஆணா பெண்ணா என்றா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதில் வேறு எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது, ஏனென்றால் கேட்டவர்கள் ஒன்றில் இனத்தைக் கேட்டார்கள், அல்லது பாலைக் கேட்டார்கள். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும், ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவையும் வைத்துத் தெருவில் பிடித்த கதைகள் தானாக வரும். 2016இல், திருநர் தங்கள் பத்திரங்களில் பாலை மாற்ற உதவும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வந்தபோது என்ன நடந்தது என்றும் கேளுங்கள், சந்தோஷமான கதையும் கொஞ்சம் வேண்டும்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், வாசித்துக் காட்டுங்கள். பிறகு மனம் மாறினால் அழித்துவிடலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், அவர் கேட்டால் உண்மையாகவே அழிக்கவும் வேண்டும், உங்கள் ஆய்வுக்கு எவ்வளவு நல்ல பதிவாக இருந்தாலும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாலியல் நாட்டத்தை விசேட வகைத் தரவில் சேர்த்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பி விளையாடுகிற சாமான் இல்லை. கதையில் வருகிற மற்றவர்களின் பெயரை எடுத்துவிடுங்கள், அவர்கள் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு உங்களோடு இருக்கிறார் என்றால் அந்த நாட்கூலியைக் கொடுங்கள். பதிவின் பிரதி ஒன்றை முதலில் அவருக்கே கொடுங்கள்.

இன்டர்நெட்டில் எல்லாம் இருக்கிறதே, பிறகு எதற்குக் காப்பகம்?
— வாசகர், மட்டக்குளி

யாஹூ குரூப்ஸ் நினைவிருக்கிறதா? தெற்காசியப் பால்புதுமையினர் பலர் முதல் முதலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது அப்படிப்பட்ட குழுக்களில்தான். 2020 டிசம்பரோடு கடையைச் சாத்திவிட்டார்கள், அதற்கு முன்பே பழைய பதிவுகளை அழித்தும்விட்டார்கள்.

நாங்கள் நாலைந்து பேர். பணமும் இல்லை, இடமும் இல்லை. கொழும்பில் தமிழில் இப்படி ஒன்று தொடங்க முடியுமா?
— நண்பர்கள், கிருலப்பனை

முடியும். நியூயார்க்கின் லெஸ்பியன் ஹெர்ஸ்டோரி காப்பகம் 1974இல் தொடங்கியது, பல வருஷம் அது இருந்தது ஒரு வீட்டின் சாமான் அறையில். 1993இல்தான் புரூக்ளினில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. பட்டம் படித்தவர்தான் வரலாம் என்ற நிபந்தனை அங்கே அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பக்கத்திலேயே பெங்களூரில் 'கம்ரா' என்ற காப்பகம் இப்போது தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நூலகம் திட்டம்: 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் பண்ணி உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் பட்டியல் போடுகிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் சேர்க்கப் பார்க்காதீர்கள். இங்கே நடந்த வேலைகளில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கிடைப்பவை அதிகம், ஆகவே தமிழில் அச்சான நோட்டீஸ், எச்.ஐ.வி. விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம், பயிலரங்குக் குறிப்பு, நாடக அழைப்பிதழ் இவற்றை முதலில் பிடியுங்கள். குப்பை என்று எறிகிற தாள்கள்தான் முதலில் அழியும். பிள்ளைகளைக் கூப்பிடும்போது விரிவுரைக்குக் கூப்பிடாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒரு பெட்டித் தாளுக்குப் பட்டியல் போட்டு முடித்த பிள்ளை, பத்துப் பேச்சுக் கேட்டதைவிடக் கூடப் படித்திருக்கும்.

ஒன்றை மட்டும் முதல் நாளே முடிவு செய்யுங்கள்: நீங்கள் கலைந்துபோனால் இவை யாரிடம் போகும்? கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி போன்ற முன்னோடி அமைப்பே பின்னாளில் மூடப்பட்டது, அமைப்புகள் மூடுவது சாதாரணம். பெட்டிகளைப் பொறுப்பெடுக்கிறவர் யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒருவராவது இப்போதைக்குக் கனடா போகிற யோசனை இல்லாதவராக இருந்தால் நல்லது.